ஏழாம் நம்பர் துண்டு

பிள்ளையார்பாளையம்
9 ஜூன் 2025, திங்கள், இரவு 11.40

அந்தோணி அண்ணாவுக்கு,

இந்நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பகலில் பேனாவைக் கண்டால் பிடுங்கி வாயில் வைக்கிறாள். ஏழு மாதம் முடிந்துவிட்டது, கீழே இரண்டு பல். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

போனில் என் எண்ணை நீங்கள் பிளாக் செய்து மூன்று மாதம் ஆகிறது. கம்பெனி மெயிலில் எழுதினால் முதலாளி தினகரன் சார் முதலில் படிப்பார், அப்புறம்தான் நீங்கள். அதனால் தபால். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு பேப்பரில் நான் யாருக்கும் எதுவும் எழுதியதில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை காலை எங்கள் சாயப்பட்டறையில் அண்டாவின் பிடி உடைந்தது. நம் கம்பெனி செய்த பிடி. ஏப்ரலில் சோதனைக்கு என்று ஊரில் நாலைந்து பட்டறைகளுக்குக் கொடுத்தார்களே, அதில் ஒரு ஜோடி. என் வீட்டுக்காரர் குமரகுரு ஒரு பக்கமும் பட்டறை வேலைக்கு வருகிற அம்சவேணி அக்கா ஒரு பக்கமும் பிடித்து, கொதிக்கிற அரக்குச் சாயத்தோடு அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா பக்கத்துப் பிடி 'டப்'பென்று இரண்டாகப் போனது. அண்டா அவர் பக்கம் சாய்ந்து இடது கால் முழுக்கச் சாயம். கணுக்காலிலிருந்து விரல் வரை தோல் உரிந்துவிட்டது. மூன்று வாரம் தரையில் ஊன்றக் கூடாது என்கிறார் டாக்டர். பத்து நிமிடத்துக்கு முன்னால் நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே இடத்தில்தான் நின்றிருந்தேன்.

அம்சவேணி அக்காவைத் தெரியும் அல்லவா, வலியிலும் வாய் சும்மா இருக்காது. "எம்.எஸ்சி. படிச்ச பிடின்னு சொல்லிக்கினு இருந்தியேம்மா, பத்தாவதுலயே ஃபெயில் ஆயிடுச்சே" என்றார். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். குக்கர் கைப்பிடிக்குப் போடுகிற பேக்லைட் ரெசின் சூட்டைத் தாங்கும், ஆனால் தரையில் விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். முதலில் ரப்பர் வகைக் கோபாலிமரைக் கலந்தோம். அடி தாங்கியது, அடுப்புக்கு மேலே காட்டினால் தளர்ந்தது. அப்புறம் அந்த வெள்ளைப் பொடி. ஸ்டைரீனும் மேலிமைடும் ஒரே சங்கிலியில் மாறி மாறிக் கோத்த கோபாலிமர். அது இரண்டையும் தர வேண்டும் என்று நான்தான் படித்துச் சொன்னேன். நூற்றுக்கு இரண்டு பங்கில் ஆரம்பித்து ஒவ்வொரு துண்டாக நீங்கள் அச்சில் போட்டு, ஓவனில் எட்டு மணி நேரம் வேகவைத்துக் கொடுத்தீர்கள். ஆறாம் நம்பரில் எட்டுப் பங்கு, ஏழாம் நம்பரில் பத்து.

அடி தாங்குவது படிப்படியாகத்தான் ஏறியது. சூடு தாங்குவது மட்டும் ஆறாம் நம்பரில் 176 டிகிரி, ஏழில் 215. ஒரே தாவல். சென்னை லேபிலிருந்து எண்கள் வந்த அன்று நீங்கள் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன்.

நேற்று என் போனில் இருக்கும் ஃபைல் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஆறு வரை ஓவனின் வட்டத் தாள் ஒட்டியிருக்கிறது. எத்தனை மணிக்கு எத்தனை சூடு என்று பேனா தானாகக் கோடு போடுமே, அந்தத் தாள். ஏழாம் நம்பருக்குத் தாள் இல்லை. பசைத் தடம்கூட இல்லை.

ஏழாம் நம்பர் செய்த வாரம் ஏஜென்ட் கொண்டுவந்த வெளிநாட்டுப் பிடி ஒன்று நம் கம்பெனி லேபில் கிடந்தது. அதே தடிமன், அதே கறுப்பு. மார்ச்சில் பாப்பாவுக்குப் பெயர் வைத்த அன்று "ஏழாம் நம்பர் நீங்க செஞ்சதா, கடையில வாங்கினதா" என்று விளையாட்டாகக் கேட்டேன். நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனீர்கள். இப்போது விளையாட்டில்லாமல் கேட்கிறேன். சென்னை லேபுக்குப் போனது நான் எழுதிக் கொடுத்த கலவைதானா? அந்தத் தாள் எங்கே?

கீர்த்தி


தாமல்
12 ஜூன் 2025

கீர்த்தி மேடத்துக்கு,

கடிதம் கிடைத்தது. எங்கள் வீட்டுக்குத் தபால்காரர் வந்தே இரண்டு வருஷம் ஆகிறது. கோர்ட் சம்மன் என்று நினைத்து என் மனைவி கையெழுத்துப் போடவே பயந்தாள். பிரித்துப் படித்த பிறகு அவள் நினைத்தது பெரிய தப்பில்லை என்று எனக்குத் தோன்றியது.

வெளிநாட்டுப் பிடியை நான் அறுக்கவில்லை. அது இன்றைக்கும் முதலாளி மேசையில் பேப்பர் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. முழுசாக. வந்து பார்த்துக்கொள்ளுங்கள். தூளை அச்சில் கொட்டியது நான், அச்சை மூடியது நான், கையைச் சுட்டுக்கொண்டு எடுத்தது நான். ஏழாம் நம்பர் நீங்கள் எழுதிக் கொடுத்த கலவைதான். பத்துப் பங்கு. தராசில் இரண்டு தடவை நிறுத்தேன்.

நீங்கள் விளையாட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். முப்பது பேர் இருந்த இடம். இலை போட்டு உட்காரவைத்துக் கேட்டீர்கள். உங்கள் சித்தப்பா ஒருவர் சிரித்தார். என் மகள் திரிஷா வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் "அப்பா, என்ன கடையில வாங்குன?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நம்பரைப் பிளாக் செய்ததற்கு அதற்கு மேல் காரணம் வேண்டுமா?

நீங்கள் எழுதிய பதினோரு பக்க ரிப்போர்ட். மூன்று தடவை புரட்டினேன். எங்கேயும் என் பெயர் இல்லை. ஐந்தாம் பக்கத்தில் 'பிரஸ் ஆபரேட்டர்' என்று ஒரு இடம், அது நான். நல்லது வந்தால் பெயர் இல்லை. உடைந்தால் மட்டும் தாமல் வரைக்கும் தபால் வருகிறது.

ஒன்று கேட்கிறேன். ஒன்பது மாதமாக வராத சந்தேகம் இப்போது ஏன்? ஜூலையில் நீங்கள் வேலைக்குத் திரும்புகிறீர்கள். அதற்குள் தப்பெல்லாம் பிரஸ் செக்ஷன் மேல் என்று எழுத்தில் ஏதாவது வாங்கி வைக்கச் சொன்னாரா முதலாளி? இல்லையென்றால் நல்லது. ஆமாம் என்றால் இந்தக் கடிதத்தில் அவருக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

வட்டத் தாள் எங்கே என்று எனக்குத் தெரியாது. ஏழாம் நம்பர் ஓவன் பதிவில் இருப்பது என் கையெழுத்து மட்டும் இல்லை. பக்கத்தில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். படத்தை அவ்வளவு பெரிதாக்கியவர் அதையும் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்.

அம்சவேணி அக்கா காலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்டாவில் மிச்சம் இருக்கிற இன்னொரு பிடியையும் கழற்றிவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

அந்தோணி


பிள்ளையார்பாளையம்
15 ஜூன் 2025, ஞாயிறு

அந்தோணி அண்ணாவுக்கு,

ஏன் என்று கேட்காதீர்கள் என்று எழுதினீர்கள். கேட்கத்தான் போகிறேன். உங்களுக்கு ஏதோ தெரியும். தெரியாதவர் அந்த வரியை எழுதமாட்டார்.

பிடியைக் கழற்றிவிட்டோம். இப்போது ஈரச் சாக்கைச் சுற்றித்தான் அண்டாவை இறக்குகிறார்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. ஏழாம் நம்பரில் லேபுக்கு அனுப்பியது போக மிஞ்சிய பாதித் துண்டு. ரிப்போர்ட் வந்த பிறகு ராமராஜன் என் டப்பா, டம்ளர், குடை எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி வீட்டில் கொண்டுவந்து கொடுத்தாரே, அதற்குள் இருந்தது. வாட்ச்மேன் வேலையோடு மூட்டை கட்டுகிற வேலையும் அவருக்கு நன்றாக வருகிறது. அதைப் பாப்பாவின் துணி அலமாரியில், வசம்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். முதல் பரிசை வைப்பது மாதிரி.

அதையும் உடைந்த பிடியின் ஒரு துண்டையும் இடுக்கியில் பிடித்துப் பட்டறை அடுப்பின் வாயில் காட்டினேன். அண்டாவின் காதில் தீ நக்குகிற அதே உயரம். ஐந்து நிமிடத்தில் உடைந்த பிடியின் துண்டு சீறியது. மேலே அம்மை போட்ட மாதிரி கொப்புளம். அந்த ஆஸ்பத்திரி வாசனை வேறு. உள்ளே வேகாமல் நின்ற ரெசின் வெந்துகொண்டே தண்ணீரை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். ஏழாம் நம்பரில் சீறலும் இல்லை, கொப்புளமும் இல்லை. தண்ணீரில் போட்டு எடுத்து மறுபடி காட்டினேன். அப்போதும் ஒன்றும் இல்லை.

அப்போது நினைத்தேன், பார், நான் சொன்னது சரிதான், இது வேறு பொருள், மாற்றித்தான் அனுப்பியிருக்கிறார் என்று. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் இரண்டு துண்டையும் உடைத்து, வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். பட்டு நூலில் சாயம் ஏறியதா என்று அவர் பட்டறைக்குள் நின்று ஒருநாளும் சொல்லமாட்டார். வெயிலில் வைத்துத்தான் பார்ப்பார்.

"ரெண்டும் ஒரே சரக்குதாம்மா. ஆனா இது ரொம்ப நேரம் இருந்துக்கினு வந்துது."

"எதுல ரொம்ப நேரம்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீதான் படிச்சவ. நடு வரைக்கும் ஒரே கறுப்பா ஏறி இருக்குது பாரு. இந்தப் பிடி மேலதான் கறுப்பு, உள்ள பழுப்பு. நூலை அண்டாவுல முக்கிட்டு அவசரமா எடுத்தா இப்படித்தான் இருக்கும்."

"எவ்ளோ நேரம் கூட இருந்திருக்கும்?"

"ரெட்டிப்பு இல்ல. அதுக்கும் மேல."

நான் இரண்டு வருஷம் படித்ததை அவர் வாசற்படியில் நின்று முடித்துவிட்டார். துண்டை நீங்கள் மாற்றவில்லை. அந்த ஒரு சந்தேகத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிட்டது. ஓவனில் எட்டு மணி நேரம் என்று பதிவில் இருக்கிறது. அது எட்டு மணி நேரம் இல்லை. எத்தனை?

காலண்டரை எடுத்துப் பார்த்தேன். 2024 செப்டம்பர் 7, சனிக்கிழமை. பிள்ளையார் சதுர்த்தி, கம்பெனி லீவு. மறுநாள் ஞாயிறு எனக்கு வளைகாப்பு. லீவு நாளில் தனியாகப் போய்த் துண்டை ஓவனில் வையுங்கள், திங்கள் காலை ஒன்பதுக்குக் கூரியர் போகணும் என்று உங்களிடம் சொன்னது நான்தான். அன்று அந்தக் கட்டடத்தில் உங்களையும் வாட்ச்மேன் ராமராஜனையும் தவிர யாரும் இல்லை.

நீங்கள் சொன்ன கட்டத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சரிபார்த்தவர், கீர்த்தி, 9.9.24. அந்தத் திங்கட்கிழமை நான் கம்பெனி வாசலையே மிதிக்கவில்லை. இரண்டு கையிலும் கண்ணாடி வளையலோடு அம்மா வீட்டில் படுத்திருந்தேன். திங்கட்கிழமைத் தேதியைப் போட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலமே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனேன். "அந்தோணி அண்ணா இருக்கார், அதெல்லாம் சரியா இருக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

நேற்று தினகரன் சாருக்குப் போன் போட்டு அக்காவின் காலைப் பற்றிச் சொன்னேன். "ஒரு பிடி உடைஞ்சதுக்கு ஊரைக் கூட்டுறியேம்மா. அடுப்புல தீயைக் கூட வச்சிருப்பாங்க. ரிப்போர்ட்ல கையெழுத்து யாருது, என்னுதா?" என்றார். 27-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆரணிக்கு அறுநூறு பிடி லாரி ஏறுகிறதாம். எல்லாம் எட்டு மணி நேரம் வெந்தவை. முந்நூறு அண்டா, அண்ணா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு பேருடைய கால்.

எத்தனை மணி நேரம் என்று மட்டும் சொல்லுங்கள்.

கீர்த்தி


தாமல்
19 ஜூன் 2025

கீர்த்திம்மாவுக்கு,

முப்பத்தெட்டு.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு வைத்தேன். திங்கள் காலை ஆறு மணிக்கு எடுத்தேன். ஓவனில் தானாக அணைகிற டைமர் கெட்டுப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, உங்களுக்கும் தெரியும். நடுராத்திரிக்கு அணைத்துவிடு என்று ராமராஜனிடம் சொன்னேன். "அணைச்சிடுறேன்பா, நீ போ" என்று என் பேனாவை வாங்கி உள்ளங்கையில் '12 ஓவன்' என்று எழுதிக்கொண்டான். நான் அதை நம்பிப் போனேன். அந்த வருஷம் சனிக்கிழமை பிள்ளையார் சதுர்த்தி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா திருநாள். திரிஷாவுக்கு இறக்கை கட்டி தேவதை வேஷம். ஞாயிறு சாயங்காலம் நான் தேர் தூக்கினேன். தோள் வீங்கிப்போய்த் தூங்கினேன். ஓவன் ஞாபகமே இல்லை.

திங்கள் காலை லேப் கதவைத் தொட்டதும் தாழ்ப்பாள் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஓவன் ஓடிக்கொண்டிருக்கிறது. ராமராஜனைப் போய் எழுப்பினேன். கையைக் காட்டுடா என்றேன். காட்டினான். ஒரு எழுத்து இல்லை. "தெருப் பிள்ளையாருக்குச் சக்கரைப் பொங்கல் போட்டாங்கப்பா, கையை நக்கிட்டேன் போல" என்றான். அடிக்கவா முடியும்?

துண்டு கரியாகியிருக்கும் என்றுதான் ஓவனைத் திறந்தேன். கன்னங்கரேலென்று இருந்தது. இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். வெண்கலம் மாதிரி கணீரென்றது. மறுபடி செய்ய நேரம் இல்லை, ஒன்பது மணிக்குக் கூரியர். பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். மணி நேரம் எழுதுகிற கட்டம் காலி. அதற்குப் பக்கத்தில் உங்கள் கையெழுத்து எனக்கு முன்னாலேயே வந்து காத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எட்டு என்று எழுத எனக்குத் துணிச்சல் வந்தது. இதை உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் குத்தவும்தான்.

எனக்கு முன்னால் ஓவன் பார்த்தவனை அணைக்க மறந்த ஒரே ராத்திரிக்காக வேலையை விட்டு அனுப்பினார்கள். நான் மறந்தது இரண்டு ராத்திரி.

வட்டத் தாளை நான்தான் எடுத்தேன். அது ஒரு நாளைக்கு ஒரு சுற்று. பேனா ஒரு சுற்று முடித்து, தான் போட்ட கோட்டின் மேலேயே மறுபடி ஏறிப் பாதிக்கு மேல் போயிருக்கிறது. சின்னப் பிள்ளை பார்த்தாலும் விஷயம் தெரிந்துவிடும். திரிஷாவின் இறக்கை வைத்த அட்டைப் பெட்டியில் இருக்கிறது. போன கடிதத்தில் தெரியாது என்று எழுதியது பொய்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முப்பத்தெட்டு மணி நேரம்தான் அதை நல்லதாக்கியது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. உங்கள் வெள்ளைப் பொடிதான் என்று நம்பினேன். தப்பு நடந்தும் தப்பித்துவிட்டோம் என்று மைசூர்பாகு வாங்கினேன். ஏப்ரலில் முதல் பிடிகளைத் தட்டியபோது 'டொக்' என்றது. கணீர் இல்லை. அன்றிலிருந்து என் ஷிப்டில் வருவதை மட்டும் யாருக்கும் தெரியாமல் இரண்டு மணி நேரம் கூட வைக்கிறேன். அதற்கு மேல் வைத்தால் கரண்ட் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் வீட்டுப் பிடி அதற்கு முந்தியது. அதனால்தான் கழற்றச் சொன்னேன்.

தாளை அனுப்பமாட்டேன். எரிக்கவும் மாட்டேன். நீங்கள் அதை என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. முதலாளி முன்னால் வைத்து, பாருங்கள் சார், ஓவனை மறந்தது இவர், நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன் என்பீர்களா? சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கத்தான் ஆசை. பெயர் வைத்த அன்றைக்கும் ஆசையாகத்தான் வந்தேன்.

உங்களுக்கு வேலை போனால், கைக்குழந்தைக்காரி, வீட்டில் இருக்கட்டும் என்பார்கள். எனக்குப் போனால் ஓவனை மறந்தவன் என்பார்கள். என் கான்ட்ராக்ட் செப்டம்பர் வரைக்கும்தான். அந்தப் பெயரோடு இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேறு எந்தக் கதவும் திறக்காது.

எத்தனை என்று கேட்டீர்கள். சொல்லிவிட்டேன்.

அந்தோணி


பிள்ளையார்பாளையம்
22 ஜூன் 2025, ஞாயிறு, இரவு

அந்தோணி அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மூன்றாவது தடவை ராமராஜன் கையைப் படித்துச் சிரித்துவிட்டேன், பாப்பா முழித்துக்கொண்டாள். இப்போது மடியில் படுத்துக்கொண்டு இந்தப் பேப்பரின் மூலையை இழுக்கிறாள். கசங்கியிருந்தால் அவள் வேலை.

ரிப்போர்ட்டில் உங்கள் பெயர் இல்லாதது மறதி இல்லை. லேப் எண்கள் வந்ததும் வீட்டில் உட்கார்ந்துதான் அதை டைப் செய்தேன், வயிற்றின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு. "துண்டுகளைச் செய்தவர் அந்தோணி" என்று ஒரு வரி அடித்தேன். பிறகு அழித்தேன். பெயர் இருந்தால் யாராவது உங்களைக் கூப்பிட்டு ஓவனைப் பற்றிக் கேட்பார்கள், அன்றைக்கு நான் அங்கே இல்லை என்பது வெளியே வந்துவிடும் என்று பயம். 176-க்குப் பிறகு 215. அந்த எண்ணைப் பார்த்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது. அதை மூடி வைத்தேன். எண்ணைச் சந்தேகப்படுவதைவிட உங்களைச் சந்தேகப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

இன்னொன்று. பொடி பொய் இல்லை. எட்டு மணி நேரமே வெந்த இந்தப் பிடியை ஏப்ரலில் வந்த அன்றே கருங்கல்லில் மூன்று தடவை போட்டுக் காட்டினார் என் வீட்டுக்காரர். உடையவில்லை. அடியைத் தாங்கவைப்பது கோபாலிமர்தான். சூட்டைத் தாங்கவைக்க அதோடு ஓவனில் நேரமும் வேண்டும். பொடியும் கொஞ்சம் உதவுகிறது, ஆனால் நாற்பது டிகிரியை அது தனியாகத் தூக்கவில்லை. முப்பத்தெட்டு மணி நேரம் தேவையா, இருபது போதுமா என்று மறுபடி ஏழு துண்டு போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு உங்கள் தாள் வேண்டும். அது இல்லாமல் நான் போய்ப் பேசினால் தினகரன் சார் பொடிதான் கெட்டது என்று பொடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தட்டினால் நொறுங்குகிற பழைய பிடிக்கே போய்விடுவார். இல்லையென்றால் ஒன்றுமே செய்யாமல் லாரியை ஏற்றிவிடுவார்.

இதோடு இன்னொரு காகிதம் வைத்திருக்கிறேன். தினகரன் சாருக்கு நான் எழுதியது. நகல் இல்லை, என் கையெழுத்தோடு அசல். போட்டோகூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை, நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். வெள்ளிக்கிழமையே திங்கட்கிழமைக் கையெழுத்தைப் போட்டதை, லீவு நாளில் உங்களைத் தனியாக அனுப்பியதை, டைமர் கெட்டது தெரிந்தும் சும்மா இருந்ததை, 215-ஐப் பார்த்தும் கேள்வி கேட்காததை எல்லாம் எழுதியிருக்கிறேன். துண்டுகளைச் செய்தவர் அந்தோணி என்று முதல் வரியிலேயே இருக்கிறது. ஓவனில் எத்தனை மணி நேரம் என்ற இடத்தில் இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறேன். அது நீங்கள் எழுத வேண்டிய இடம். உங்கள் தாள் உங்களிடம் இருக்கிற மாதிரி இப்போது என் கடிதமும் உங்களிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் அதை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்து, பாருங்கள், மேடமே ஒத்துக்கொண்டார் என்று நீங்கள் சொல்லலாம். சொல்வீர்களோ என்று எனக்கும் பயம் இருக்கிறது. இருந்தாலும் அனுப்புகிறேன்.

அம்சவேணி அக்கா டாக்டர் சொன்ன மூன்று வாரம் முடியும் முன்பே குதிகாலை ஊன்றி நடக்க ஆரம்பித்துவிட்டார். உங்கள் கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். "யாரு மறந்தாங்கன்னு நான் கேட்டேனாம்மா? மாதா தேர் தூக்கினவன் மறந்தா மறந்துட்டுப் போறான். ஒழுங்கான பிடி எப்ப வரும், அத்தைக் கேளு மொதல்ல. சாக்கைச் சுத்திப் புடிச்சா நகமெல்லாம் வேகுதுன்றாங்க எனக்குப் பதிலா வந்தவங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை லாரி. வியாழன் காலை பத்து மணிக்கு உடைந்த பிடியோடும் பாப்பாவோடும் நான் கம்பெனிக்குப் போகிறேன். நீங்கள் வந்தால் தாளோடு வாருங்கள், சேர்ந்து உள்ளே போகலாம். வராவிட்டால் அக்காவின் காலையும் என் கையெழுத்தையும் மட்டும் சொல்லி லாரியை நிறுத்தச் சொல்வேன். நிறுத்துவாரா என்று தெரியாது. உங்கள் பெயரை எடுக்கமாட்டேன். அந்த இரண்டு வரியும் காலியாகவே இருக்கட்டும். காலிக் கட்டத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது எனக்குப் புதிதில்லையே.

தபாலுக்கு நேரம் போதாது என்று தோன்றினால் என் எண்ணை பிளாக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், ஒரு வார்த்தை போதும். வருவீர்களா மாட்டீர்களா என்று புதன்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

கீர்த்தி